ஜாமீனில் எடுத்துவிட்ட ஆள் தலைமறைவு, ஆள் வைத்துப் பிடித்து வரலாமா?

புதுவயல் மில்காரர்

எல்லோருக்கும் வணக்கம். புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். எங்களிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பையன் 2023இல் ஓர் அடிதடி வழக்கில் உள்ளே போனான். அவன் அம்மா ஆலை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததால் நானும் எங்கள் கணக்கரும் ஜாமீன்தாரர்களாகக் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு 25,000 ரூபாய்க்குப் பத்திரம். வீட்டு வரி ரசீது, ஆதார் நகல் எல்லாம் கோர்ட்டில் கொடுத்தாயிற்று. கொஞ்ச காலம் வாய்தாவுக்கு ஒழுங்காகப் போனான். அப்புறம் வேலையை விட்டான், போன் நம்பரை மாற்றினான், வாய்தாவுக்கும் போகவில்லை. பிடிவாரண்ட் ஆகிவிட்டது. இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது, பத்திரத் தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று காரணம் சொல்லச் சொல்லி.

ஆள் திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வண்டி ஓட்டுவதாகக் கேள்வி. அங்கே இல்லாவிட்டாலும் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாவுக்கு வராமல் இருக்க மாட்டான், வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிற குடும்பம். காரைக்குடியில் ஃபைனான்ஸ் தவணை கட்டாத வண்டிகளைத் தூக்கும் பையன்கள் சிலர் என்னிடம் வந்து, “செலவு போக இருபதாயிரம் கொடுங்கள், திருப்பூரிலோ கோயில் வாசலிலோ ஆளைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து கோர்ட் வாசலில் இறக்கி விடுகிறோம், ஜாமீன் போட்டவருக்கு அந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது, அமெரிக்காவில் இதற்கு லைசென்ஸே கொடுக்கிறார்கள்” என்கிறார்கள். யாரையும் அடிக்கச் சொல்லவில்லை நான். ஆளைக் கோர்ட்டில் நிறுத்தினால் போதும். உண்மையிலேயே ஜாமீன்தாரருக்குப் பிடிக்கும் உரிமை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வக்கீல்

அண்ணே, முதலில் அந்தப் பையன்களுக்கு முன்பணம் ஏதும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம் சட்டத்தில் ஜாமீன்தாரருக்கு ஆளைப் பிடிக்கும் அதிகாரம் கிடையாது. இருப்பது ஒன்றே ஒன்று, “இவனுக்கு இனி நான் பொறுப்பேற்க முடியாது, என்னை விடுவியுங்கள்” என்று மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடும் உரிமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 444, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 489. அந்த மனு வந்தால் மாஜிஸ்திரேட் வாரண்ட் போடுவார், போலீஸ் பிடித்து வரும், ஆள் கோர்ட்டுக்கு வந்ததும் உங்கள் பத்திரம் ரத்தாகி, வேறு ஜாமீன் கொண்டுவா என்று அவனிடம் சொல்வார்கள். அதாவது ஜாமீன்தாரர் பிடிக்க வேண்டும் என்றால்கூட அது கோர்ட் வழியாகப் போலீஸ் கையால்தான். வாய்தா தவற ஆரம்பித்த உடனே இந்த மனுவைப் போட வேண்டும். ஆனால் இப்படி ஒரு மனு இருப்பதை ஜாமீன் போடும் அன்றைக்கு யாரும் யாருக்கும் சொல்வதில்லை, இது எனக்கு நிரம்ப வருத்தமான விஷயம். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம்.

அவர்கள் “சட்டத்திலேயே இருக்கிறது” என்று சொல்வது அநேகமாகத் தனிநபர் கைது பற்றிய பிரிவாக இருக்கும், பழைய 43, புதிய 40. அதைப் படித்துப் பார்த்தால் தெரியும். உங்கள் கண்ணெதிரே ஒருவன் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் செய்தால் பிடிக்கலாம், அல்லது கோர்ட் அறிவித்த பிரகடனக் குற்றவாளியைப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்று புதிய சட்டம் நேரமும் வைத்துவிட்டது. பிடிவாரண்ட் நிலுவையில் இருப்பதும் பிரகடனக் குற்றவாளி என்பதும் ஒன்றில்லை. பிரகடனம் என்றால் 84ஆம் பிரிவில் தனி உத்தரவு, முப்பது நாளுக்குக் குறையாமல் அவகாசம், ஊரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிப் படித்துக் காட்டுவது என்று நடைமுறை இருக்கிறது, அதற்கு மேல் எல்லா வழக்குக்கும் அந்தப் பெயர் வராது, கடுமையான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். உங்கள் பையன் கணக்கில் இன்றைக்கு இருப்பது வாரண்ட் மட்டும்.

இன்னொரு பிரிவையும் சிலர் காட்டுவார்கள், 75. மாஜிஸ்திரேட் தன் எல்லைக்குள் உள்ள எந்த நபர் பெயருக்கும் வாரண்ட் கொடுக்கலாம் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அந்த நபர் தன் பொறுப்பில் உள்ள நிலத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ தேடப்படுபவன் இருந்தால் அல்லது வந்தால் மட்டும்தான் அதை நிறைவேற்ற முடியும். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருப்பவர் பெயரில் வாரண்ட் வந்திருக்கிறது, தேடப்படுபவன் அந்த வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான் என்றால் அது பொருந்தும். எழுத்தில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும், பிடித்ததும் வாரண்டோடு பக்கத்துப் போலீசிடம் விட வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் காரை நிறுத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, மீறிச் செய்தால் என்ன? வழியை மறிப்பது புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸில் 126, அடைத்து வைப்பது 127, ஆளைக் கடத்தி ரகசியமாக அடைத்து வைக்கும் எண்ணம் என்று போனால் 140, அதில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. தூக்கியவர்கள் மட்டுமில்லை, பணம் கொடுத்து அனுப்பியவரும் உடந்தை. 25,000 ரூபாய்ப் பத்திரத்தில் இருந்து தப்பிக்க இருபதாயிரம் கொடுத்து ஓர் ஆள்கடத்தல் வழக்கை வாங்கிக்கொள்ளப் போகிறீர்கள். அவனோ வழக்கில் ஓடிப்போன குற்றவாளியாக இருந்தவன், அன்றைக்குச் சாயங்காலமே புகார்தாரர் ஆகிவிடுவான்.

நோட்டீஸில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது, பதில் சொல்ல எந்தத் தேதி என்று எழுதுங்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

கானாடுகாத்தான்காரி

நான் கலிபோர்னியாவில் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அந்த அமெரிக்கக் கதையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இதை வைத்து யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று படித்ததும் மனசு பொறுக்கவில்லை.

இங்கே ஜாமீன் என்பது ஒரு வியாபாரம். கம்பெனி ஒன்று கோர்ட்டுக்கு முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கொடுக்கும், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் கம்பெனிக்குக் கட்டணமாகப் பெரும்பாலும் பத்து சதவீதம் கட்டுவார், அது திரும்பி வராது. ஆள் ஓடிவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம், அதனால் தேடிப் பிடிக்க ஆள் வைப்பார்கள். 1872இல் இங்குள்ள உச்ச நீதிமன்றம் டெய்லர் எதிர் டெய்ன்டர் என்ற வழக்கில் ஜாமீன்தாரருக்கு மிகப் பரந்த உரிமை உண்டு, வேறு மாநிலத்துக்கும் துரத்திப் போகலாம், வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்று எழுதியது. சினிமாவில் பார்ப்பது எல்லாம் அந்த வரிகளில் இருந்து வந்தது. ஆனால் அதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கடிவாளம் போட்டுவிட்டன. கென்டக்கி, ஆரிகன், விஸ்கான்சின், இல்லினாய்ஸ் மாநிலங்களில் இந்த ஜாமீன் வியாபாரமே கிடையாது. இல்லினாய்ஸ் 2023இல் பண ஜாமீனையே எடுத்துவிட்டது.

எங்கள் கலிபோர்னியாவில் இந்த வேலை செய்பவர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், ஆளைப் பிடிக்கப் போவதற்கு முன் உள்ளூர்ப் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், போலீஸ் மாதிரி சீருடையோ பேட்ஜோ போடக் கூடாது, தன்னை அரசு அதிகாரி என்று சொல்லக் கூடாது. கையில் ஜாமீன் பத்திரத்தின் நகலும் பிடிக்க எழுத்து மூலமான அனுமதியும் இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் மரியாதையோடு இருப்பவர்கள் அதற்கு மேலும் கவனமாக இருக்கிறார்கள். ஆள் சரியான ஆள்தானா, வாரண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா, முகவரி பழசா என்று போகும் அன்றைக்குக் காலையிலும் ஒரு தடவை பார்ப்பார்கள். ஏனென்றால் ஓடிப்போனவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் அக்கா போடவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் போடவில்லை. அடுத்தவர் வீட்டுக் கதவை உடைத்தால் அந்தப் பழைய தீர்ப்பு காப்பாற்றாது.

இன்னொன்று, இந்த உரிமை எல்லை தாண்டினால் செத்துப்போகும். 1981இல் கனடாவின் டொராண்டோவில் இருந்து ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு புளோரிடாவுக்கு வந்த இரண்டு பேரை, கனடா கேட்டதும் அமெரிக்காவே பிடித்து ஒப்படைத்தது. அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் தவிர உலகத்தில் இந்த வியாபாரம் இருக்கும் நாடுகள் மிகக் குறைவு. இதைக் காட்டிக் காரைக்குடியில் யாரும் உரிமை கேட்க முடியாது.

முன்னாள் சீசிங்

நான் காரைக்குடியில் வண்டி சீசிங் வேலை பார்த்தவன், இப்போது வேறு தொழில். அந்தப் பையன்களை எனக்குத் தெரியுமா தெரியாதா என்பது இங்கே வேண்டாம், வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

வண்டி தூக்குவதற்கே விதி இருக்கிறது. கடன் வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லிவிட்டது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே ஒரு வங்கியைக் கண்டித்திருக்கிறது. ஒழுங்கான ஏஜென்சி என்றால் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதம், அடையாள அட்டை, வண்டி எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்டேஷனில் தகவல் என்று எல்லாம் காகிதத்தில் இருக்கும். இத்தனையும் ஒரு வண்டிக்கு. மனுஷனைத் தூக்க எந்தக் கம்பெனியும் கடிதம் கொடுக்காது, கொடுக்கவும் முடியாது. அப்படியானால் இவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டி ஆளைக் காரில் ஏற்றுவார்கள்? உங்களுக்கு வந்த நோட்டீஸின் ஜெராக்ஸைத்தான். அதில் உங்கள் பெயரும் ஊரும் இருக்கிறது. திருப்பூரில் நாலு பேர் மடக்கிக் கேட்டால் அதைத்தான் நீட்டுவார்கள்.

ஆள் தூக்கும்போது சண்டை வராமல் இருக்காது. லாரி டிரைவர், கூட வேலை பார்ப்பவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். அங்கேதான் “நாங்கள் ஸ்பெஷல் பார்ட்டி போலீஸ்” என்று ஒருத்தன் சொல்லுவான், கார் கண்ணாடியில் போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அரசு ஊழியர் போல நடிப்பது தனிக் குற்றம். அப்புறம் திருப்பூரில் இருந்து காரைக்குடி வருவதற்குள் அந்தப் பையனிடமே பேரம் பேசி, நீ முப்பது கொடு, இறக்கி விடுகிறோம் என்று சொல்லமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வழியில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தால் யார் பொறுப்பு? மதுரை தாண்டும்போது ஒரு உயிர் போனால் நீங்கள் 25,000 ரூபாய் நோட்டீஸையா நினைத்துக்கொண்டிருப்பீர்கள்? தயவுசெய்து வேண்டாம்.

புதுவயல் மில்காரர்

எல்லோருக்கும் நன்றி. பணம் எதுவும் கொடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் 446 என்று போட்டிருக்கிறது. தேதி அடுத்த மாதம் முதல் வாரம். வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களா என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கணக்கர் பாவம், அவருக்குச் சொந்தமாக இருப்பது அந்த ஓட்டு வீடு மட்டும்தான். நான் சொன்னதால்தான் கையெழுத்தே போட்டார்.

சரி, தூக்க வேண்டாம். அவன் அக்காவைக் கல்லலில் கட்டிக் கொடுத்திருக்கிறது. நாலு பேரோடு அங்கே போய் உட்கார்ந்து பேசினால் என்ன? அவன் போட்டோவை வாட்ஸப் குரூப்புகளில் போட்டு, பார்த்தால் தகவல் சொல்லுங்கள் என்று கேட்கலாமா?

கல்லல் வாசகி

அண்ணன், அந்த அக்கா இடத்தில் இருந்தவள் நான், வேறு வழக்கு, வேறு ஆட்கள். என் தம்பி ஒரு வழக்கில் ஜாமீனில் வந்து காணாமல் போனபோது ஜாமீன் போட்டவர் தரப்பில் ஆட்கள் இரவு பத்து மணிக்கு மேல் வந்து முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் கை வைக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் மாமியார் அதற்கு அப்புறம் என் பிறந்த வீட்டுப் பேச்சையே எடுக்க விடவில்லை. தம்பி எங்கே என்று எனக்கு அப்போது சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்படி வந்தவர்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் வேறொருவர் வந்தார், இன்னொரு ஜாமீன்தாரர், எங்கள் அப்பாவோடு வேலை பார்த்தவர். பகலில், தன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். நோட்டீஸைக் காட்டினார், “நான் என்ன கட்ட வேண்டியிருக்கும், தம்பி தானாக வந்து சரணடைந்தால் என்ன ஆகும், போலீஸ் பிடித்தால் என்ன ஆகும், மூன்றையும் வக்கீலிடம் கேட்டு எழுதி வந்திருக்கிறேன், நீ அவனிடம் பேச நேர்ந்தால் இதைப் படித்துக் காட்டு” என்று தாளைக் கொடுத்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். தம்பி எங்கே என்று என்னிடம் கேட்கவே இல்லை. அவன் கோர்ட்டுக்கு வந்தது அந்தத் தாளால்தான். உள்ளே போட்டு மிதிப்பார்கள் என்று பயந்துதான் அவன் ஓடிக்கொண்டிருந்தான், மனுப் போட்டுத் திரும்ப வர ஒரு வழி இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

போட்டோ போடாதீர்கள். அந்தப் பையன் அம்மாவுக்கு ஊரில் முகம் இல்லாமல் போய்விடும்.

ஓய்வுபெற்ற ஏட்டு

போலீஸ் பக்கம் ஒன்று சொல்கிறேன். பிடிவாரண்டுகள் ஸ்டேஷனில் கட்டுக் கட்டாக நிலுவையில் கிடக்கும், எதை எடுப்பது என்பது தகவல் வருவதைப் பொறுத்தது. நீங்கள் வெறுமனே “பிடியுங்கள்” என்று போய் நிற்பதைவிட, வழக்கு எண், வாரண்ட் போட்ட தேதி, வேலை பார்க்கும் இடம், வண்டி எண், திருவிழாவுக்கு வந்தால் தங்கும் வீடு எல்லாவற்றையும் ஒரு மனுவாக எழுதி இன்ஸ்பெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நேரில் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டால் கிட்டே போகாமல் 100க்கு அடியுங்கள், பிடிவாரண்ட் நிலுவையில் உள்ள ஆள் என்று வழக்கு எண்ணைச் சொல்லுங்கள். திருவிழாக் கூட்டத்தில் நீங்கள் கையைப் பிடித்தால், பால்குடத்தோடு நிற்பவனைப் பிடித்தார்கள் என்று ஜனங்கள் உங்களைத்தான் அடிப்பார்கள்.

தேவகோட்டை வக்கீல்

கல்லல் அக்கா சொன்ன வழிதான் வழி. நான் சட்டத்தை மட்டும் சேர்க்கிறேன்.

அண்ணே, அவன் படத்தைப் போட்டு “தேடப்படும் குற்றவாளி” என்று எழுதினால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கிறீர்கள், அவன் மீது இருப்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு இன்னும் வரவில்லை. நாலு பேரோடு போய் உட்காருவதும் மிரட்டல் என்று புகார் ஆகலாம். ஒருவர் போங்கள், பகலில் போங்கள், அந்த வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் உங்கள் வீட்டு ஆச்சியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அவர்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. பிடிவாரண்ட் கோர்ட் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேறும் வரை உயிரோடுதான் இருக்கும், காலம் போகப் போகத் தானாகக் காலாவதி ஆகாது. அவன் வக்கீல் மூலமாக அதே கோர்ட்டில் சரணடைந்து, ஏன் வரவில்லை என்று காரணம் சொல்லி வாரண்டைத் திரும்பப் பெற மனுப் போடலாம். மாஜிஸ்திரேட் ஏற்பாரா என்பது காரணத்தையும் எத்தனை வாய்தா தவறினான் என்பதையும் பொறுத்தது, உள்ளே அனுப்பவும் கூடும், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் தானாக வந்தவனையும் பிடித்து இழுத்து வரப்பட்டவனையும் எந்தக் கோர்ட்டும் ஒரே கண்ணால் பார்க்காது. ஜாமீனில் போய் வராமல் இருப்பதே ஓராண்டு வரை தண்டனை உள்ள தனிக் குற்றம், அதுவும் அவனுக்குத் தெரிய வேண்டும். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள், 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

உங்கள் நோட்டீஸ் விஷயம். பழைய வழக்கு என்பதால் 446 என்று வந்திருக்கிறது, புதிய சட்டத்தில் அது 491. இது காரணம் கேட்கும் நோட்டீஸ், அபராதம் இன்னும் விதிக்கவில்லை. அந்தத் தேதியில் நீங்களும் கணக்கரும் கட்டாயம் நேரில் வர வேண்டும். ஏட்டு அய்யா சொன்ன பதிவுத் தபால் ஒப்புகை, திருப்பூரில் விசாரித்த விவரம், கல்லல் போய்ப் பேசியது எல்லாவற்றையும் பதில் மனுவில் சொல்லுவோம். ஆளை ஆஜர்படுத்த அவகாசம் கேட்கலாம். காரணம் ஏற்கப்படாவிட்டாலும், காரணத்தைப் பதிவு செய்து தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதே பிரிவில் அதிகாரம் இருக்கிறது, ஜாமீன்தாரர் உண்மையாக முயன்றாரா என்பதை அங்கே பார்ப்பார்கள். வந்த உத்தரவு நியாயமில்லை என்றால் செஷன்ஸில் அப்பீல் உண்டு. பதிலே சொல்லாமல் இருந்தாலோ, காரணம் ஏற்கப்படாமல் போய்த் தொகையையும் கட்டாமல் இருந்தாலோ அபராதம் போலத் தொகையை வசூலிக்கப் போவார்கள், வசூலிக்க வழியே இல்லை என்றால் சிவில் சிறையில் ஆறு மாதம் வரை வைக்கவும் பிரிவில் இடம் இருக்கிறது. கணக்கர் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து வராமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் பார்க்கலாம்.

அப்புறம், அவனிடமோ அவன் வீட்டிலோ “நான் கட்டும் தொகையைத் திருப்பித் தருகிறேன்” என்று எழுதி வாங்காதீர்கள். ஜாமீன்தாரருக்கு நஷ்டம் வராது என்று குற்றம் சாட்டப்பட்டவரே எழுதிக் கொடுப்பது பொதுநலனுக்கு விரோதமான ஒப்பந்தம், கோர்ட்டில் செல்லாது. அவனை வரவழைக்க உங்களுக்கு அக்கறை இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் கையெழுத்தே வாங்கப்பட்டது.

இனிமேல் யாருக்கும் ஜாமீனே போட மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள், தெரியும். 1978இல் மோதி ராம் என்ற கொத்தனார் வழக்கில், ஜாமீன் கொடுக்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் மறுத்ததை நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். ஏழைக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காததால் அவன் விசாரணைக்கு முன்பே உள்ளே கிடக்கிற நிலை இன்னும் மாறவில்லை. கோர்ட் வாசலில் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் போடுபவர்கள் பெருகியதும் அதனால்தான். நீங்கள் அந்த அம்மாவுக்காகப் போட்ட கையெழுத்து நல்ல கையெழுத்து.

திங்கட்கிழமை நோட்டீஸ் அசல் இரண்டும், வழக்கின் எண் எழுதிய பழைய காகிதம் ஏதாவது இருந்தால் அதுவும், ஆதாரும் எடுத்துக்கொண்டு கணக்கரையும் கூட்டிக்கொண்டு தேவகோட்டைக்கு வாருங்கள். பத்து மணிக்கு முன்னால் வந்தால் கோர்ட் கூடுவதற்கு முன் வாரண்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கல்லலுக்கு அதற்கு முன் போக வேண்டாம், என்ன எழுதிக் கொடுப்பது என்று பேசி முடித்துவிட்டுப் போங்கள்.